மலையரசியும் எழுத்துப்பிழையும்

மலைக்குக் கீழே, தலைவர், குழு, அலுவலகம், முத்திரை எல்லாம் வைத்து முறையாக நடந்துவந்த ஒரு காட்டில் மலையரசி என்றொரு முள்ளம்பன்றி இருந்தாள். புருஷன் இறந்து நாலு வருஷம். தனியாகத்தான் இருந்தாள். வேர்களைத் தோண்டி, வயிற்றுவலி, காய்ச்சல் என்று வந்தவர்களுக்கெல்லாம் மருந்து கொடுத்தாள். அவளுடைய குகைக்கு இரண்டு வாசல். கோடையிலும் குளுகுளுவென்று இருக்கும்.

அந்தக் குகைமேல் தலைவர் கரடிக்கு ஒரு கண்.

அந்த வருஷம் பூ பூக்கவில்லை, தேனும் இல்லை. கரடி உடனே சூனிய விசாரணைக் குழுவைக் கூட்டியது.

"தனியா இருக்கா. ராத்திரியில வேர் தோண்டுறா. இவதான் தேனைக் கட்டிப் போட்டவ."

"குரங்கு வைத்தியரும் வேர்தானே தோண்டுறார்?" என்றாள் மலையரசி.

"அவர் வைத்தியர்மா. நீ பொம்பள."

தீர்ப்பு சொல்லப்பட்டது. மறுநாள் காலை அவளைக் குளத்தில் தள்ளுவது. மிதந்தால் சூனியக்காரி, கொளுத்திவிடலாம்.

"மூழ்கிட்டா?"

"உத்தமின்னு அறிவிப்போம். குளக்கரையில உன் பேருக்கு ஒரு பலகை வைப்போம்."



தீர்ப்புப் படிவம் எழுதும் வேலை குமாஸ்தா சருகுமானுடையது. போன மாசம் அவள் குட்டியின் காய்ச்சலை இறக்கியது மலையரசிதான். எதிர்த்துப் பேசினால் அடுத்த படிவம் தன் பெயரில் என்பது அவளுக்குத் தெரியும். அதனால் மலையரசியின் பெயரில் 'சி' போடவேண்டிய இடத்தில் 'சு' போட்டாள். 'பெண்' என்ற இடத்தில் 'ஆண்' என்று எழுதினாள். கரடி எப்போதும்போலப் படிக்காமல் கையெழுத்துப் போட்டது.

காலையில் குளக்கரையில் கூட்டம். சருகுமான் உரக்க வாசித்தாள்: "பெயர், மலையரசு. பால், ஆண்."

"என்னது?" என்றது கரடி.

"உங்க கையெழுத்து இருக்கு தலைவரே. படிச்சுப் பார்த்துத்தானே போட்டீங்க?"

மொத்தக் காடும் கரடியையே பார்த்தது. கரடி தொண்டையைச் செருமிக்கொண்டது.

"படிக்காம போடுவேனா? ஆம்பள எப்படிய்யா சூனியக்காரி ஆக முடியும்? மலையரசு ஐயா, தண்ணிகிட்ட நிக்காதீங்க, சளி பிடிச்சுக்கும்."

"அது நம்ம மலையரசி அக்காதானே?" என்றது ஒரு முயல்.

"நீ படிவத்தை நம்புறியா, கண்ணை நம்புறியா?" என்று கரடி அதட்டியது.

மறுநாளிலிருந்து குகை வாசலில் வரிசை. எல்லாரும் அவளைச் 'சித்தர் மலையரசு' என்றார்கள். குரங்கு வைத்தியரே டோக்கன் வாங்கிக்கொண்டு நின்றார். ஒரு நாள் கரடியும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தது. அவள் கொடுத்த வேரை மென்று, "தேனா இனிக்குது சாமி!" என்றது.

"போன வருஷமும் இதே வேரைத்தான் உங்களுக்குக் கொடுத்தேன்."

"அது அவ கொடுத்தது சாமி. கசந்துச்சு."

சருகுமான் அலுவலகத்தின் பின்வாசலிலும் இப்போது ஒரு வரிசை நிற்கிறது. நிற்பவர்கள் எல்லாரும் பெண்கள்.

நீதி: சூனியத்தை ஒழிக்கக் குளமும் வேண்டாம், நெருப்பும் வேண்டாம். ஒரு எழுத்துப்பிழை போதும்.