மாமாவின் வண்டியை நேராக்கிய நாள்

நிறுத்தி வைத்த வண்டிக்கு ஒன்றும் ஆகாது என்று நம்புகிறவர்கள் அமராவதிபுதூர் மாடுகளைப் பார்த்ததில்லை. ஓடுகிற வண்டியை விட நிற்கிற வண்டிக்குத்தான் ஆபத்து அதிகம். ஓடுகிற வண்டி விழுந்தால் நாமும் சேர்ந்து விழுவோம், நாலு பேர் ஓடி வந்து தூக்கிவிட்டு சோடா வாங்கிக் கொடுப்பார்கள். நிறுத்தின வண்டி விழுந்தால் யாரும் சோடா வாங்கித் தர மாட்டார்கள். "அங்க ஏன் நிறுத்துன?" என்றுதான் கேட்பார்கள்.

அதுவும் அது மாமனார் வண்டி என்றால் சொல்லவே வேண்டாம்.

நான் மதுரைக்காரி. கல்யாணமாகிப் பள்ளத்தூருக்கு வந்த புதிதில் அமராவதிபுதூர்ப் பள்ளிக்கூடம் ஒன்றில் இயற்பியல் டீச்சர் வேலை கிடைத்தது. பள்ளத்தூரிலிருந்து காரைக்குடிக்கு ஒரு பஸ், அங்கே இறங்கி ஓடிப்போய் இன்னொரு பஸ். இந்த இரண்டு பஸ்ஸுக்கும் ஜாதகப் பொருத்தமே கிடையாது. நான் போய்ச் சேரும்போது காலைக் கூட்டம் முடிந்து பிள்ளைகள் வகுப்புக்குள் போய்க்கொண்டிருப்பார்கள். ஹெட்மாஸ்டர் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். ஒருநாள் கூப்பிட்டு, "நேரத்துக்கு வர முடியலைன்னா சொல்லிருங்கம்மா, வேற ஆள் பாத்துக்கிறோம்" என்றார். அன்றைக்கு பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டே வந்தேன். அந்த வேலை எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

என் வீட்டுக்காரர் ஸ்கூட்டரில் எதிர்த் திசையில் வேலைக்குப் போகிறவர். வீட்டில் மீதி இருந்தது மாமாவின் மோட்டார் சைக்கிள்தான். எனக்கு கியர் வண்டி நன்றாக ஓட்டத் தெரியும் (மதுரையில் அண்ணன் வண்டியில் பழகியது, அண்ணனுக்குத் தெரியாமல்). ஆனால் மாமாவின் வண்டியை அவர் பெற்ற பிள்ளையே தொட்டதில்லை. கேட்டால், "அது குதிரை மாதிரிப்பா. என் கைக்கு மட்டுந்தான் படியும்" என்பார். தினமும் காலையில் ஒரு பழைய வேட்டித் துண்டால் டேங்கைத் துடைத்து, ஏறி உட்கார்ந்து, இடது தோளைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்து, ஒரு தினுசாகச் சாய்ந்துகொண்டு அவர் கிளம்புகிற அழகே தனி. நான்கூட அதைக் கம்பீரம் என்று நினைத்திருந்தேன்.

என் மாமியார், அயித்தைதான் எனக்காகப் பேசினார். "பிள்ளைக்கு வேலை போயிரும் போலருக்கு. நீங்க வண்டிய வச்சுக்கிட்டு டீக்கடைக்குத்தான போறீக? குடுங்களேன்."

மாமா ரொம்ப நேரம் மோவாயைத் தடவினார். கடைசியில், "நாளைக்கு ஒரு நா எடுத்துட்டுப் போத்தா. போறப்ப எப்படி இருந்துச்சோ, வர்றப்பவும் அப்படியே இருக்கணும். அப்புறம் பேசுவோம்" என்றார்.

"அத ஓட்டுறதுல ஒரு..." என்று அயித்தை ஆரம்பித்தார். மாமா ஒரு பார்வை பார்த்தார். அயித்தை முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

மறுநாள் காலையில் வண்டியை எடுத்தேன். தெரு முனை தாண்டுவதற்குள் வண்டி வலப்பக்கமாக இழுக்கிற மாதிரி இருந்தது. பயம், வேறொன்றுமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினேன். காரைக்குடியைத் தாண்டும்போது தோள்பட்டை கழன்று கையோடு வந்துவிடும் போல இருந்தது. குதிரை என்று அவர் சொன்னது சும்மா இல்லை என்று நினைத்தேன். ஆனாலும் காலைக் கூட்டத்துக்கு முன்பே போய் நின்றேன். ஹெட்மாஸ்டர் கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார், பிறகு மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார். கடிகாரம் நின்றுவிட்டது என்று நினைத்திருப்பார்.

வண்டியை வகுப்பு ஜன்னலிலிருந்து தெரிகிற மாதிரி வேப்பமரத்தடியில் நிறுத்தியிருந்தேன். மத்தியானம் பாடம், பொருள்களின் நிலைப்புத்தன்மை. ஒரு பொருள் ஏன் விழாமல் நிற்கிறது, எப்போது விழுகிறது என்று கரும்பலகையில் படம் போட்டுக்கொண்டிருந்தேன். பின்னால் பிள்ளைகள் சிரிக்கிற சத்தம். திரும்பினேன். ஒரு செவலைப் பசு மாமா வண்டியின் கண்ணாடியில் கழுத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தது. கண்ணை மூடிக்கொண்டு, தலையை மேலே தூக்கி, ஏதோ தைலம் தேய்த்துவிடுகிறார்கள் என்கிற சுகத்தில் தேய்த்தது. நான் "ஏய்!" என்று கத்தினேன். பசு திடுக்கிட்டு ஒரு முட்டு முட்டியது. வண்டி அப்படியே இடப்பக்கம் சாய்ந்து படுத்தது.

"விழுந்துருச்சு டீச்சர்!" என்று வகுப்பே எழுந்து நின்றது. அன்றைய பாடத்தை அத்தனை பேரும் இன்றுவரை மறக்கவில்லை என்று கேள்வி.

ஓடிப்போய்த் தூக்கி நிறுத்தினேன். பெருக்கிக் குவித்த வேப்பஞ்சருகின் மேல் விழுந்ததால் டேங்கில் ஒரு கீறல்கூட இல்லை. கண்ணாடி மட்டும் திரும்பியிருந்தது, சரி செய்தேன். அப்பாடா என்று பெருமூச்சு விட்டு, முன்னால் போய் நின்று பார்த்தபோதுதான் தெரிந்தது. முன் சக்கரம் நேராக நிற்கிறது. கைப்பிடி இடப்பக்கம் திரும்பியிருக்கிறது. சக்கரம் ஒரு ஊருக்கும் கைப்பிடி இன்னொரு ஊருக்கும் போகிற மாதிரி நின்றது வண்டி.

போறப்ப எப்படி இருந்துச்சோ, வர்றப்பவும் அப்படியே.

மெக்கானிக்கிடம் போயிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். காரைக்குடியில் மாமாவுக்குத் தெரியாத மெக்கானிக் கிடையாது. நான் வீடு திரும்புவதற்குள் செய்தி திரும்பியிருக்கும். தவிரவும், நான் இயற்பியல் டீச்சர் இல்லையா? (இந்தக் கர்வம்தான் எல்லாவற்றுக்கும் காரணம்.) செல்போனில் வீடியோ தேடினேன். விழுந்த வண்டியில் வளைந்தது கைப்பிடிக் கம்பியா, சக்கரத்தைத் தாங்குகிற ஃபோர்க் முறுக்கிக்கொண்டதா, இல்லை வண்டியின் அடிச்சட்டமான சேசிஸே கோணிவிட்டதா என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும் என்றார் வீடியோவில் வந்தவர். சேசிஸ் என்றால் வண்டியை மறந்துவிடலாம் என்றும் சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்கு மாமா டேங்கைத் துடைக்கிற துண்டு ஞாபகம் வந்தது.

பள்ளிக்கூடம் விட்டதும் வகுப்பிலிருந்த மர ஸ்கேலையும் சாக்பீஸையும் எடுத்துக்கொண்டு வந்து அளந்தேன். மண் தரையில் கோடு போட்டால் சாக்பீஸ்தான் உடைந்தது. ஸ்கேலை டயர் மேல் வைத்தால் ஒரு கணக்கு, கைப்பிடி மேல் வைத்தால் வேறு கணக்கு. தரை மேடும் பள்ளமுமாக இருந்தது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அப்போதுதான் எங்கள் கணக்கு டீச்சர் உமையாள் ஆச்சி வந்தார். விவரம் கேட்டுவிட்டு, "இதுக்கா அழுகுற? நேர்கோடுதான வேணும்? எங்க வீட்டுக்கு வா" என்றார்.

ஆச்சி வீடு பக்கத்துத் தெருவில். இந்தப் பக்கத்துப் பெரிய வீடுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். முகப்பு வாசலில் நின்றால், கதவுகளுக்குப் பின் கதவாகக் கடைசி வாசல் வரை ஒரே கோட்டில் தெரியும். அவ்வளவு தூரத்துக்கும் தரையில் பூப்போட்ட ஆத்தங்குடித் தரைக்கல் வரிசை பிடித்துக் கிடக்கிறது. பங்காளிகள் எல்லாரும் வெளியூரில், வீட்டில் இருந்தது ஆச்சி மட்டும். ஒரு காலத்தில் மாட்டுவண்டி போன பின்வாசல் வழியாக வண்டியை உள்ளே தள்ளினோம். அதற்கு முன்னால் டயரைக் கழுவச் சொன்னார் ஆச்சி. பிறகு மறுபடியும் கழுவச் சொன்னார். "பூக்கல்லுல எண்ணெ பட்டா பங்காளிக கூட்டம் போட்டுருவாக."

முற்றத்தை ஒட்டிய நடையில், ஒரு கல் வரிசையின் மேல் முன் சக்கரத்தை நிறுத்தினேன். ஆச்சி ஒரு செம்பைக் கயிற்றில் கட்டிக் கைப்பிடியின் நடுவிலிருந்து தொங்கவிட்டார். பிறகு முகப்பு வாசல் வரை நடந்துபோய், ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். "கைப்பிடி வளையல. அடியிலதான் முறுக்கியிருக்கு. சேசிஸ் நல்லாருக்கு!" என்று அங்கிருந்து கத்தினார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

ஆச்சி வீட்டுத் தண்ணீர் மோட்டார் அறையிலிருந்து ஸ்பேனர் எடுத்து வந்து, வீடியோவில் சொன்னபடி ஃபோர்க்கைப் பிடித்திருக்கிற போல்ட்டுகளைத் தளர்த்தினேன். அவை அசைவேனா என்றன. மாடு தள்ளி ஒரு பொழுது ஆகவில்லை, அதற்குள் போல்ட்டில் இத்தனை துரு எப்படி என்று நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. துடைப்பத்தால் தட்டிவிட்டேன். முன் சக்கரத்தை முழங்கால்களுக்கு நடுவில் இறுக்கிக்கொண்டு கைப்பிடியைத் திருப்பினேன்.

"அங்குட்டு!" என்றார் ஆச்சி வாசலிலிருந்து.

திருப்பினேன்.

"இன்னும் அங்குட்டு! போதும், போதும், ரொம்பப் போயிருச்சு. இங்குட்டுக் கொஞ்சம்!"

"எங்குட்டு ஆச்சி?"

"உனக்கு அங்குட்டு, எனக்கு இங்குட்டு!"

இப்படி முற்றத்து வெயில் சுவரேறிப் போகிற வரை திருப்பினேன். கடைசியில் செம்புக் கயிறும் சக்கரமும் கல் வரிசையும் கடைசி வாசலும் ஒரே கோட்டில் நின்றன. ஆச்சி கையைத் தட்டினார். "கல்யாணத்துக்கு நிறுத்துன மாப்பிள்ளை மாதிரி நிக்கிது பாரு!" போல்ட்டுகளை முறுக்கினேன். ஆச்சி கொடுத்த வெள்ளைப் பணியாரத்தைக் கறுப்புக் கையாலேயே சாப்பிட்டேன். அதைவிட ருசியான பணியாரத்தை அதற்குப் பிறகு நான் சாப்பிட்டதில்லை.

திரும்பி வரும்போது வண்டி வெண்ணெயாக ஓடியது. காலையில் இழுத்த இழுப்பு இல்லை, தோள் வலி இல்லை. ஒரே நாளில் குதிரை எனக்குப் படிந்துவிட்டது என்று நினைத்துப் பாட்டுகூடப் பாடினேன். (ஹெல்மெட்டுக்குள் பாடினால் யாருக்கும் கேட்காது என்பது தவறான எண்ணம். கோவிலூர்ப் பக்கம் ஒருவர் திரும்பிப் பார்த்தார்.)

மாமா வாசலிலேயே நின்றிருந்தார். வண்டியைச் சுற்றி வந்தார். டேங்கைத் தடவினார், கண்ணாடியைத் தொட்டுப் பார்த்தார், குனிந்து சைலன்சரைப் பார்த்தார். "ம்" என்றார். அவர் அகராதியில் அது பாராட்டு.

"சரித்தா. நான் டீக்கடை வரைக்கும் போய்ட்டு வந்து பேசுறேன்" என்று ஏறி உட்கார்ந்தார். வழக்கம்போல இடது தோளைப் பின்னுக்கு இழுத்தார், ஒரு தினுசாகச் சாய்ந்தார், கிளம்பினார்.

நேராகப் போகவில்லை. அழகாக, நிதானமாக, ஒரு சந்தேகமும் இல்லாமல் இடப்பக்கம் திரும்பி, எதிர்வீட்டார் வீடு கட்டக் குவித்திருந்த மணலில் ஏறி, உச்சியில் நின்று, வண்டியோடு சாய்ந்தார்.

ஓடிப்போய்த் தூக்கினோம். அடி ஒன்றுமில்லை. மீசையெல்லாம் மணல். எழுந்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை, "வண்டியக் கோணலாக்கிட்ட!"

வேலையும் போச்சு, மரியாதையும் போச்சு, மாமனாரை மணலில் தள்ளிய மருமகள் என்ற பெயரும் வந்தாச்சு என்று தேம்பிக்கொண்டே எல்லாவற்றையும் கொட்டினேன். பசு, வேப்பமரம், செம்பு, ஆச்சி வீட்டுக் கல் வரிசை எல்லாம். "மாடு தள்ளி கோணலாயிருச்சு மாமா. நான் நேராத்தான் மாமா ஆக்குனேன்."

மாமா மணலைத் தட்டிக்கொண்டே அயித்தையைப் பார்த்தார். அயித்தை முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்தேன். கையை எடுத்ததும் தெரிந்தது.

"நேரா இருக்குறதுதான் இப்பக் கோளாறு!" என்று திணறித் திணறிச் சிரித்தார் அயித்தை. "உங்க கலியாணத்துக்கு ரொம்ப முந்தியே அது கோணல்த்தா! உர மூடைய வச்சுக்கிட்டுக் கம்மாக் கரையில சாஞ்சு விழுந்தாக. யார்ட்டயும் சொல்லாதன்னு எங்கிட்டச் சத்தியம் வாங்குனாக. அன்னையிலருந்து வண்டி ஒரு பக்கம், இவுக ஒரு பக்கம். குதிரையாம் குதிரை!"

பெற்ற பிள்ளையை ஏன் தொட விடவில்லை என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. கேட்டுக்கொண்டு நின்ற எதிர்வீட்டாருக்கும் புரிந்தது. சற்று நேரத்தில் டீக்கடைக்கும் புரிந்திருக்கும்.

மாமா மணல் குவியலின் மேல் உட்கார்ந்தார். வண்டியை ரொம்ப நேரம் பார்த்தார். மீசை ஒரு பக்கமாகத் துடித்தது. பிறகு அவரும் சிரித்துவிட்டார். சட்டைப் பையிலிருந்த இன்னொரு சாவியையும் எடுத்து என் கையில் வைத்தார். "இந்தாத்தா. நேரான வண்டி இனி எனக்கு ஒத்து வராது. நீயே ஓட்டு."

அடுத்த வாரமே மாமா ஒரு மொபெட்டுக்கு மாறினார். என் வேலையும் நிரந்தரமானது. எங்கள் வீட்டில் யாராவது நன்றாக ஓடுகிற மிக்சியையோ டிவியையோ பிரிக்க உட்கார்ந்தால், இன்றைக்கும் சமையலறையிலிருந்து அயித்தையின் குரல் வரும்: "பாத்து, நேராக்கிப்புடாத!"

மழை நாட்களில் மட்டும் மாமா என் பின்னால் ஏறிக்கொள்கிறார், காரைக்குடி வரைக்கும். பின்னால் உட்கார்ந்தாலும் இடது தோளைப் பின்னுக்கு இழுத்து, அதே தினுசில்தான் சாய்கிறார். வண்டி கொஞ்சம் இடப்பக்கம் இழுக்கும். நான் அதை நேராக்குவதாக இல்லை.