தூங்க வேண்டியவரைப் பார்க்க வராதே

அன்புத் தம்பி நாகேந்திரனுக்கு,

கரையான்சாவடியிலிருந்து அக்கா சொர்ணம் எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம், தூக்கம் ஒன்றைத் தவிர. நீ உட்கார்ந்த இடத்திலேயே தூங்குகிறவன் என்பதால் உன் சுகத்தை நான் விசாரிக்கவில்லை.

இதோ பக்கத்தில் அம்பத்தூரில் இருக்கிறவனுக்கு யாராவது கடிதம் எழுதுவார்களா, போன் என்ன ஆச்சு என்று கேட்பாய். சாயங்காலம் ஆனதும் போனைப் பீரோவில் வைத்துப் பூட்டச் சொன்னதே நீதானேடா. பகலில் பேசலாமே என்பாய். பகலில் நான் கேன்டீனில் சாம்பாரோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன். பக்கத்து வீட்டு செல்வகுமார் காலையில் உன் கம்பெனி வழியாகத்தான் வேலைக்குப் போகிறான், அவனிடம் கொடுத்து அனுப்புகிறேன். ஐந்தாவதோடு நின்ற கை இது, எழுத்து முன்னே பின்னே இருக்கும். நீ பெரிய படிப்பு படித்தவன், கூட்டிப் படித்துக்கொள்.

விஷயம் உனக்குத் தெரிந்ததுதான். புது ஷிப்ட் போட்டதிலிருந்து உன் மாமா விடியற்காலையில் கம்பெனி பஸ்ஸை எடுக்கணும், அதற்கு ராத்திரி எட்டு மணிக்கே படுக்கணும், படுத்தால் தூக்கம் வருவேனா என்கிறது. போன வாரம் குமணன்சாவடி சிக்னலில் சிவப்புக்கு நிறுத்தியவர், பச்சை விழுந்தும் ஸ்டியரிங் மேல் தலையைச் சாய்த்துவிட்டார். நல்லவேளை, வண்டி நின்றிருந்தது. சூப்பர்வைசர் சாவியைப் பிடுங்கிக்கொண்டு, "திங்கக்கெழம வரைக்கும் ரெஸ்ட் எடு பால்ராஜு. தெளிஞ்ச கண்ணோட வந்தா சாவி உனுக்கு. இல்லாங்காட்டி வேற ஆளுக்கு" என்று சொல்லிவிட்டார். அன்றைக்கு வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்தவர்தான். ஒரு கீறல் விழாமல் இத்தனை வருஷம் ஓட்டிய மனுஷன். அந்த பஸ் போனால் எங்கள் வீட்டு அடுப்பும் போச்சு, அவர் மானமும் போச்சு.

அதைக் கேட்டுத்தானே நீ தூக்கம் வர வழி சொல்லி அந்த வாய்ஸ் மெசேஜ் அனுப்பினாய். அப்பா, என்ன நீளம்! நான் அரிசி களைந்து, உலை வைத்து, சோறு வடித்த பிறகும் நீ வாழைப்பழத்துக்கே வந்து சேரவில்லை. மச்சான் கிட்ட புத்திமதி கேட்கிற கதி வந்துட்டுதேன்னு மனுஷன் இன்னும் நொந்துபோவார் என்று அவருக்கு அதைப் போட்டுக் காட்டவில்லை. நானே கேட்டேன், நானே செய்தேன். மத்தியானத்துக்கு மேல் டீ கிடையாது, பொழுது சாயும்போதே ரெண்டு இட்லி, ஒரு வாழைப்பழம், பாலில் துளி ஜாதிக்காய்த் தூள், சாப்பிட்டதும் நடை.

அந்த நடைதான்டா கெடுத்தது. காலேஜ் பசங்கள் நடந்தால் யார் கேட்கப் போகிறார்கள். டிரைவர் நடந்தால் சும்மா விடுவார்களா? மெயின் ரோடில் கடைக்குக் கடை கூப்பிட்டிருக்கிறார்கள்.

"இன்னாண்ணாத்தே, நடந்துகினு போறே? வண்டி இன்னாச்சி?"

"வண்டி கம்பெனில கீது."

"அப்ப உனுக்கு இன்னாச்சி?"

இவருக்குத்தான் பொய் வராதே. "தூக்கம் வர்லபா" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். அவ்வளவுதான், மறுநாள் சாயங்காலத்திலிருந்து நம் வீடு ஆஸ்பத்திரி வார்டு. வேலை முடிந்து குளித்து, ஹார்லிக்ஸும் பிரெட்டும் வாங்கிக்கொண்டு, அவர் படுக்கிற நேரம் பார்த்துத்தான் வருகிறார்கள். வந்தவர்களுக்கு டீ போடாமல் இருக்க முடியுமா? அவர்களை மட்டும் குடிக்க வைத்துவிட்டு இவர் வாயைப் பார்த்துக்கொண்டிருப்பாரா? "மரியாதைக்கு ஒரு வாய்" என்று ஒவ்வொருவரோடும் குடிக்கிறார். மத்தியானம் நிறுத்திய டீயெல்லாம் ராத்திரி வட்டியோடு உள்ளே போகிறது. தையல்கடை ஷவுகத் அலி பாய் பேரீச்சம்பழம் கொண்டுவந்தார், தங்கமான மனுஷன். "நீங்க படுங்க பால்ராஜ், நம்மள பாக்காதீங்க" என்று சொல்லிவிட்டு, கட்டில் ஓரத்திலேயே உட்கார்ந்து இவரையே பார்த்துக்கொண்டிருந்தார். யாருக்குத் தூக்கம் வரும்? எதிர்வீட்டு பேபி அக்கா இருக்கிறதே, அது கதை சொல்ல ஆரம்பித்தது.

"எங்க சித்தப்பாவும் இப்டித்தான், தூக்கம் வர்ல தூக்கம் வர்லன்னுகினே இருந்தாரு. ஒரு நாளு போய்ட்டாரு."

உன் மாமா டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். "எங்க போய்ட்டாரு?"

"திருவள்ளூருக்கு. பொண்ணு ஊட்டுக்கு."

திருவள்ளூர் என்று தெரிந்தும் அவருக்கு நெஞ்சு படபடப்பு அடங்க ஒரு மணி நேரம் ஆனது.

சரி, இதற்கு ஒரு வழி பண்ணுகிறேன் என்று நேற்று எட்டு மணிக்கே எல்லா லைட்டையும் அணைத்து, கதவைச் சாத்தினேன். இருட்டில் தூக்கம் வரும் என்று நீயும் சொல்லியிருக்கிறாய், தூங்கிவிட்டார்கள் என்று ஜனமும் திரும்பிப் போகும் என்று நினைத்தேன். என் புத்தியை என்ன சொல்ல. சீக்காளி வீட்டில் திடீரென்று இருட்டாக இருந்தால் நம் தெருவில் வேறு அர்த்தம் ஆச்சே! பேபி அக்கா "அய்யய்யோ சொர்ணம்!" என்று வைத்த சத்தத்தில் தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. கதவைத் திறந்தால், பேபி அக்காவின் வீட்டுக்காரர் கோவிந்தன், வாடகை நாற்காலி விடுகிறவர் இல்லையா, பிளாஸ்டிக் நாற்காலியை வரிசையாகப் போட்டுக்கொண்டிருக்கிறார். உன் மாமா லுங்கியை இறுக்கிக்கொண்டு வெளியே வந்து, "இன்னா கோவிந்தா, நாக்காலி யாருக்கு?" என்றார். கோவிந்தன் கையிலிருந்த நாற்காலியைத் துடைக்க ஆரம்பித்தார். அப்புறம் என்ன, போட்ட நாற்காலி வீணாகக் கூடாது என்று எல்லோரும் உட்கார்ந்தார்கள். யாருக்காக வந்தார்களோ அவரே உள்ளே போய்த் தட்டில் டீ எடுத்து வந்து கொடுத்தார்.

ஆகையால் தம்பி, ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு மாமாவைப் பார்க்க வருவதாகச் சொன்னாயே, வராதே. அக்கா வேண்டாம் என்கிறாளே என்று கோபப்படாதே. நீ வந்தால் நான் கறி எடுக்கணும், பிள்ளைகள் டிவி போடும், அவர் உனக்காக விழித்திருப்பார், திங்கட்கிழமை சாவி எவன் கைக்கோ போகும். வாழைப்பழமும் கொடுத்து அனுப்பாதே, வந்ததை வைத்தே நான் கடை போடலாம்.

பவித்ராவும் பிள்ளைகளும் நீயும் படுத்ததும் கண் அசந்து, விடிந்ததும் பசியோடு எழுந்து, நூறு வருஷம் நன்றாக இருங்கள்.

இப்படிக்கு,
உன் அக்கா சொர்ணம்

பின்குறிப்பு: மேலே எழுதியதை விட்டுத் தள்ளு. கடிதத்தை மடிக்கும்போது, வாழைப்பழம் பாலுக்கு முன்னாலா பின்னாலா என்று சந்தேகம் வந்தது. போனை வெளியே எடுத்து உன் மெசேஜைப் போட்டேன். உன் மாமா பேபி அக்காவோடு டீ குடித்துக்கொண்டிருந்தார். "இன்னாமே, நம்ம நாகு கொரலாட்டம் கீது" என்றார். நீ "உறக்கத்தை நாம் முறையாக அணுக வேண்டும்" என்று ஆரம்பித்தாய். உன் பேச்சு பாலுக்கு வருவதற்குள் அவர் கையிலிருந்த டம்ளர் சாய்ந்துவிட்டது. வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறார்டா! ஒரே பேச்சு தினம் கேட்டால் பழகிவிடும், அதனால் ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருக்காமல் நாளைக்கே வந்து பக்கத்தில் உட்கார்ந்து புதுசாகப் பேசு. பேபி அக்காவும் என் பாயிலேயே சாய்ந்துவிட்டது. கோவிந்தன் பெண்டாட்டியைத் தேடி வந்து, "இன்னா, அசையாம கீறா?" என்று பதறினார். அவர் மறுபடியும் நாற்காலி எடுக்கப் போவதற்குள், அவரையும் உட்காரவைத்து உன் மெசேஜை முதலிலிருந்து போட்டுவிட்டேன்.