கொதிப்பை இறக்கும் நாற்காலி

நாற்காலி ஒன்று ரத்தக்கொதிப்பை இறக்குகிறது என்று கேள்விப்பட்டதும் ஊரே எழுந்து நின்றது. உட்காருவதற்காகத்தான்.

மூன்றாவது மாடியில் நாற்காலி. கீழே தெருமுனை வரை வரிசை. லிஃப்ட் வாசலில் 'பழுது' என்று ஒரு பலகை. பலகை புத்தம் புதிது. மூச்சு வாங்க வாங்க மக்கள் படியேறினார்கள். மேலே போனதும் ஒரு நர்ஸ் கையில் பட்டையைச் சுற்றி, ரத்த அழுத்தத்தை அளந்து, அறை அதிரச் சொல்வார். பிறகு குளுகுளு அறையில், மங்கிய வெளிச்சத்தில், வெல்வெட் நாற்காலியில் அரைமணி நேரம் கண்மூடி உட்கார வேண்டும். மறுபடி அளந்தால் குறைந்திருக்கும். குறையாமல் என்ன செய்யும்? மூன்று மாடி ஏறிவந்த குதிரையை அங்கே உட்கார வைத்தாலும் குறையும். குதிரை சீட்டு வாங்காது, அவ்வளவுதான் வித்தியாசம்.

கூட்டம் பெருகியதால் நாற்காலிகளும் பெருகின. நடுவில் இருப்பது மூல நாற்காலி. சுற்றி இருப்பவை அதன் அருகில் கிடந்து சக்தி ஏற்றிக்கொண்டவை. வரமுடியாதவர்கள் சட்டையைக் கொடுத்தனுப்பினாலும் போதும். சட்டையை உட்கார வைப்பார்கள். அரைக் கட்டணம். ஒரு குமாஸ்தா தன் மேலதிகாரியின் கோட்டைத் திருடிக்கொண்டு வந்து உட்கார வைத்திருந்தான். "அவர் கோபம் இறங்கினா போதும் சார், எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்" என்றான்.

இதையெல்லாம் மூடநம்பிக்கை என்று சொல்லிவிடாதீர்கள். அடிக்க வருவார்கள். மந்திரிப்பவன், குறி சொல்பவன் எல்லோரையும் கைகழுவிவிட்டு, "நாங்க இப்ப அறிவியலுக்கு மாறிட்டோம்" என்று நெஞ்சை நிமிர்த்தும் கூட்டம் இது. நாற்காலி டாக்டரும் சாமியார் இல்லை. வெள்ளைக் கோட்டு. கழுத்தில் ஸ்டெதஸ்கோப். அதை அவர் யார் மார்பிலும் வைத்ததாகத் தகவல் இல்லை. "என்னை நம்பாதீங்க! எண்ணை நம்புங்க!" என்பார். கூடம் முழுக்கக் கைதட்டும். கூடத்தின் சுவரில் அந்த எண்கள். இருநூறு நோயாளிகளின் அளவு, உட்காரும் முன், உட்கார்ந்த பின் என்று ஆளுயரத்துக்கு எழுதியிருந்தது. பக்கத்தில், அந்த ஆராய்ச்சியை வெளியிட்ட மருத்துவ இதழின் பக்கம், கண்ணாடிச் சட்டத்தில். குறி சொன்னால் கேட்க மாட்டார்கள். அதையே கட்டம் போட்டு எழுதினால் கையெடுத்துக் கும்பிடுவார்கள்.

அந்தக் கூடத்தின் பெஞ்சில், பேசாமல் உட்கார்ந்திருந்தாள் ஒரு தங்கை. பக்கத்தில் அவளுடைய அண்ணன், நகரப் பேருந்து ஓட்டுநர்.

மருந்து ஆராய்ச்சிகளில் வரும் எண்கள் நிஜமா, சமைத்தவையா என்று பார்ப்பதுதான் அவள் தொழில். வீட்டில் 'கணக்குப்புலி' என்று பெயர். உறுமாத புலி. ஒரு கேள்வி கேட்டால், பதில் வருவதற்குள் கேட்டவர் காப்பி குடித்துவிட்டு வரலாம். நாற்காலி ஆராய்ச்சி வெளியானபோதே, மூல விவரங்களைக் காட்டுங்கள் என்று டாக்டருக்கு எழுதினாள். 'நோயாளிகளின் ரகசியம்' என்று பதில் வந்தது. ரகசியத்தைத்தான் ஆளுயரத்துக்குச் சுவரில் எழுதியிருந்தார்கள்.

முந்தின நாள் அண்ணி போனில் அழுதாள். "மாத்திரையெல்லாம் குப்பையில கொட்டிட்டாரும்மா. நாற்காலி இருக்க மாத்திரை எதுக்குங்கறாரு. இன்னைக்கு வண்டியை ஓரங்கட்டிட்டு ஸ்டியரிங்ல தலைசாஞ்சு கிடந்தாராம். கண்டக்டர் முகத்துல தண்ணி அடிச்சாராம். அவரை நம்பி வண்டி நிறைய ஜனம் உக்காந்திருக்கும்மா. நீ சொன்னாலாவது கேப்பாரா பாரு."

சொன்னாள். கேட்கவில்லை. ஆகவே கூடவே வந்துவிட்டாள்.

அண்ணன் அப்போதுதான் நாற்காலியிலிருந்து இறங்கி வந்திருந்தார். உட்காரும் முன் நூற்றுத் தொண்ணூற்றாறு. உட்கார்ந்த பின் நூற்று எண்பத்து நாலு.

"பாத்தியா? பன்னிரண்டு இறங்கிடுச்சு!"

"நூத்தி எண்பத்து நாலுங்கறது ஆபத்து அண்ணா."

"இறங்கிச்சா இல்லையா, அதைச் சொல்லு."

"மூணு மாடி ஏறி வந்தீங்க. ஏறுச்சு. உக்காந்தீங்க. இறங்குச்சு. நம்ம வீட்டு பிரம்பு மோடாவுல உக்காந்தாலும் இறங்கும்."

"அப்போ அந்த இருநூறு பேரு? அவங்க எல்லாருக்கும் நூத்தி இருபது சொச்சத்துக்கே வந்திருக்கே! பெரிய பெரிய டாக்டருங்க படிச்சு ஒத்துக்கிட்டு அச்சுல போட்டிருக்காங்க. நீ என்னடான்னா மோடாங்கற."

அவள் சுவரைப் பார்த்தாள். நூற்று நாற்பத்தேழு. நூற்று அறுபத்து மூன்று. நூற்று ஐம்பத்தேழு. நூற்று எழுபத்தொன்பது. நர்ஸின் குரல் உள்ளேயிருந்து வந்துகொண்டே இருந்தது. "நூத்தி அறுபத்தாறு!" "நூத்தி நாப்பத்திரெண்டு!" "நூத்தி எழுபத்தெட்டு!" அவள் கண்ணால் சுவரையும் காதால் நர்ஸையும் வெகுநேரம் படித்தாள். அண்ணன் இருமுறை கொட்டாவி விட்டார்.

"அண்ணா," என்றாள் கடைசியில், "அந்த நர்ஸ் இதுவரைக்கும் ஒரு ஒத்தைப்படை எண்கூடச் சொல்லலை."

"அதனால?"

"சுவத்துல இரட்டைப்படையே இல்லை."

"உனக்குப் பொழுது போகலைன்னா வீட்டுக்குப் போ."

அந்த நேரத்தில் டாக்டர் வந்தார். வழக்கமான சொற்பொழிவு. கூடத்தின் நடுவில் கண்ணாடிப் பெட்டி. உள்ளே விளக்கு வெளிச்சத்தில் ஒரு பாதரசக் கருவி. "ஆராய்ச்சிக்குப் பயன்பட்ட ஒரே கருவி! ஒருத்தரே அளந்தார். ஒரு நோயாளிக்கு முன்னாடி ஒரு தடவை, பின்னாடி ஒரு தடவை. அளந்ததை அப்படியே எழுதினோம். கூட்டல் கழித்தல் கிடையாது! கேள்வி இருந்தா தாராளமா கேக்கலாம்!" என்று முடித்தார். இதுவரை யாரும் கேட்டதில்லை என்ற தைரியம்.

தங்கை எழுந்தாள். அண்ணன் அவள் புடவையைப் பிடித்து இழுத்தார். "மானத்தை வாங்காதே, உக்காரு."

"டாக்டர், அந்தக் கருவியைப் பக்கத்துல பாக்கலாமா?"

டாக்டர் தயங்கினார். ஆனால் பக்தர்கள் தயங்கவில்லை. "ஆமாங்க, நாங்களும் பக்கத்துல பாக்கறோம்! பெட்டியைத் திறங்க!" என்று கூடம் கூச்சலிட்டது. பக்தி தன் தெய்வத்தையே மாட்டிவிடும் தருணங்கள் உண்டு. பெட்டி திறந்தது.

முன்வரிசையில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் இருந்தார். தங்கை அவரிடம், "ஐயா, சுவத்துல முதல் நோயாளிக்கு நூத்தி நாப்பத்தேழுன்னு இருக்கு. இந்தக் குழாயில அதை எனக்குக் காட்டுங்களேன்" என்றாள்.

அவர் குனிந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி குனிந்தார். "நாப்பத்தாறுக்குக் கோடு இருக்கு. அடுத்தது நாப்பத்தெட்டு. நடுவுல ஒண்ணும் இல்லையேம்மா."

"நூத்தி அறுபத்து மூணு?"

"அதுவும் இல்லை. எல்லாம் ரெண்டு ரெண்டாத்தான் தாவுது."

"நகருய்யா, நான் பாக்கறேன்" என்று ஒருவர் வந்தார். பிறகு இன்னொருவர். நாற்காலிக்கு நின்ற வரிசை இப்போது நூற்று நாற்பத்தேழைத் தேடி நின்றது. யாருக்கும் அகப்படவில்லை. அளக்கிறவர் பாதரசம் நிற்கும் இடத்துக்குப் பக்கத்துக் கோட்டைத்தான் சொல்ல முடியும். கோடுகள் அத்தனையும் இரட்டைப்படை. உள்ளே நர்ஸ் வைத்திருப்பதும் இதே மாதிரிக் கருவிதான். அதனால்தான் அவர் வாயில் ஒற்றைப்படை வரவில்லை.

டாக்டர் சிரித்தார். "பாதரசம் ரெண்டு கோட்டுக்கு நடுவுல நின்னிருக்கும், அம்மா. நுட்பமா அளந்திருக்கோம்."

"ஒருத்தருக்கு நிக்கலாம் டாக்டர். இருநூறு பேருக்குமா? அப்போ உங்க நாற்காலி கொதிப்பை இறக்கலை. பாதரசத்தைக் கோட்டுக்கு நடுவுல நிக்கப் பழக்கியிருக்கு."

யாரோ களுக்கென்று சிரித்தார். பக்கத்தில் இருந்தவர் அவரை அதட்டினார். இன்னும் நம்பிக்கை போகவில்லை. அவ்வளவு எளிதில் போவதற்கா சீட்டு வாங்கினார்கள்?

தங்கை கூட்டத்தின் பக்கம் திரும்பினாள். "ஒரு சின்ன வேலை. கொதிப்பு இருக்கற ஒருத்தரோட அளவு என்னன்னு ஆளுக்கு ஒரு எண் சொல்லுங்க. அளக்க வேண்டாம். சும்மா மனசுல தோணினதைச் சொல்லுங்க. ஆனா கேக்கறவங்க நம்பணும்."

"நூத்தி நாப்பத்தேழு!" "நூத்தி அம்பத்து மூணு!" "நூத்தி அறுபத்தேழு!"

ஒருவர், "நூத்தி அம்பது" என்றார்.

அவர் மனைவி அவர் விலாவில் இடித்தாள். "கதை விடறீங்கன்னு தெரிஞ்சிடுமே! நூத்தி அம்பத்து மூணுன்னு சொல்லுங்க. அப்பதான் அளந்த மாதிரி இருக்கும்."

"நூத்தி எழுபத்து மூணு!" "நூத்தி முப்பத்தேழு!" என்று எண்கள் பறந்தன. ஏழும் மூன்றுமாக மழை.

தங்கை தனக்குப் பிடித்தமான அந்த நீண்ட மௌனத்தைக் கூடத்தின் நடுவில் வைத்துவிட்டு நின்றாள். கொஞ்ச நேரம் யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. பிறகு ஒரு தலை சுவர் பக்கம் திரும்பியது. அடுத்து ஒன்று. கடைசியில் எல்லாத் தலைகளும் திரும்பின.

"அட," என்றாள் அந்த மனைவி. "சுவத்துல இருக்கறது நாம சொன்னதுதானே!"

டாக்டரின் முகம் சிவந்தது. "எண் எப்படி வந்தா என்ன? ஜனங்களுக்கு நல்லது நடக்குதா இல்லையா? மனசுல ஒரு தெம்பு கிடைக்குதில்ல?"

"அந்தத் தெம்புலதான் என் அண்ணன் மாத்திரையைக் குப்பையில போட்டாரு. நேத்து பஸ்ஸை நிறுத்த அவருக்கு நேரம் கிடைச்சுது. கிடைக்காமப் போயிருந்தா, அந்த பஸ்ல இருந்தவங்களுக்கு உங்க தெம்பு என்ன பண்ணியிருக்கும்? அந்த இருநூறு பேர்ல ஒரே ஒருத்தரைக் கூப்பிடுங்க. போதும்."

"அது... எழுதும்போது என் மச்சான் ஏதாவது தப்பா எழுதியிருப்பான்" என்றார் டாக்டர்.

மச்சான் வாசலில் சீட்டுக் கிழித்துக்கொண்டிருந்தான். வேலை நேரத்தில் வீண்பழி சுமத்தினால் யாருக்குத்தான் பொறுக்கும்?

"என்ன அத்தான் இப்படிச் சொல்றீங்க? நான் முதல்ல நூத்தி நாப்பது, நூத்தி அம்பதுன்னு அழகா எழுதிக் குடுத்தேன். 'முட்டாள், முட்டையா அடுக்காதே, நிஜம் மாதிரி எழுது'ன்னு நீங்கதானே திருப்பிக் குடுத்தீங்க? இருநூறு பேரை யோசிச்சு யோசிச்சு என் மண்டையே காய்ஞ்சு போச்சு. அக்காவையே கேளுங்க!"

அதற்குப் பிறகு டாக்டர் அங்கே நிற்கவில்லை. 'பழுது' பலகை மாட்டிய லிஃப்டில் ஏறினார். அது பழுதே இல்லாமல் இறங்கியது.

இதோடு கதை முடிந்தது என்று நினைத்தால் நீங்கள் கூட்டத்தை அறியாதவர்கள். குமாஸ்தா முன்னால் வந்து தங்கையின் காலைத் தொடக் குனிந்தான். "அம்மா, சுவத்தைப் பாத்தே பொய்யைக் கண்டுபிடிச்சிட்டீங்களே! என் மேலதிகாரி எப்ப மாறுதலாவாருன்னு பாத்துச் சொல்லுங்க." பின்னால் புது வரிசை ஒன்று உருவாகிக்கொண்டிருந்தது.

தங்கைக்கு வாழ்க்கையில் முதல்முறையாகக் குரல் உயர்ந்தது. "நான் கண்டுபிடிக்கலை! நீங்க குழாயைப் பாத்தீங்க, நீங்க எண்ணைச் சொன்னீங்க, நீங்கதான் கண்டுபிடிச்சீங்க! எழுந்திருங்க, வீட்டுக்குப் போங்க, மாத்திரையை நிறுத்தினவங்க நேரா டாக்டர்கிட்ட போங்க!"

அண்ணன் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார். "நூத்தி எண்பத்து நாலுன்னா ரொம்ப மோசமா?" என்று மெல்லக் கேட்டார்.

"ஆமா அண்ணா."

அவர் போனை எடுத்துப் பணிமனைக்குப் பேசினார். உடம்பு சரியாகும்வரை வண்டி எடுக்கமாட்டேன் என்றார்.

பக்கத்துத் தெருவில் ஒரு சாதாரண டாக்டர். சாதாரண மர ஸ்டூல். மாத்திரைச் சீட்டு எழுதி நீட்டினார். அண்ணன் அதை வாங்காமல் முழங்கையை மேசைமேல் ஊன்றினார்.

"இது வேலை செய்யும்னு எதை வச்சுச் சொல்றீங்க? யாருக்குக் குடுத்துப் பாத்தாங்க? குடுக்காதவங்களோட ஒப்பிட்டாங்களா? எண்ணெல்லாம் அளந்து எழுதினதா, உங்க மச்சான் எழுதினதா?"

அந்த டாக்டர் பேனாவை மூடி வைத்தார். கோபப்படவில்லை. ஒவ்வொன்றாகப் பதில் சொன்னார். இரண்டு கேள்விகளுக்கு, "எனக்குத் தெரியலை, பாத்துச் சொல்றேன்" என்றார். அதைக் கேட்ட பிறகுதான் அண்ணன் கைநீட்டிச் சீட்டை வாங்கினார்.

வெளியே வந்ததும், "ரொம்பக் கேட்டுட்டேனோ?" என்றார்.

தங்கை வழக்கம்போல் நெடுநேரம் பேசாமல் நடந்தாள்.

"இல்லை அண்ணா. ரொம்ப லேட்டாக் கேட்டீங்க."

கேள்வி கேட்டு இதுவரை யாருக்கும் ரத்தம் கொதித்ததில்லை. கொதிப்பதெல்லாம் பதில் இல்லாதவர்களுக்குத்தான். அவர்களுக்குக் கொதிக்கட்டும். நீங்கள் கேளுங்கள்.