படகுக்குப் போட்ட பந்தல்

நோர்வூட்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகன் நிரோஷனுக்கு,

அம்மா யோகேஸ்வரி எழுதும் கடிதம். இங்கே நானும் உன் லெட்சுமணன் சித்தப்பாவும் படகும் சுகம். மெல்பேர்னில் நீயும் பிரியந்தினியும் பிள்ளைகளும் அவ்வாறே சுகமாக இருக்கப் பிள்ளையாரிடம் வேண்டிக்கொண்டேன். வேண்டுதல் முடிந்தது. இனி விஷயத்துக்கு வருகிறேன்.

உன் குரல் பதிவு கிடைத்தது. "அம்மா, கண் ஒப்பரேஷன் செஞ்ச பிறகு இனி எதுக்கு போட்? வித்துடுங்க" என்று நீ சொன்னதை நான் கேட்டேன். பக்கத்திலிருந்து சித்தப்பாவும் கேட்டார். தான் சொல்லிக்கொடுத்த பாடத்தைப் பிள்ளை சரியாக ஒப்பிக்கிறானா என்று பார்க்கும் வாத்தியார் போல அவர் தலையாட்டியதால், இது யாருடைய யோசனை என்பதும் எனக்குத் தெரிந்துவிட்டது. தொலைபேசியில் பதில் சொன்னால் நீங்கள் இருவரும் குறுக்கிடுவீர்கள். கடிதத்தில் குறுக்கிட முடியாது. ஆகவே எழுதுகிறேன்: இந்தப் படகை நான் விற்கப் போவதில்லை.

கண் டாக்டர் சொன்னதை முதலில் சரியாகத் தெரிந்துகொள். வெயில் நேரே கண்ணில் படக் கூடாது என்றார். படகு கூடாது என்று சொல்லவில்லை. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் கொன்வென்டில் படித்த எனக்குத் தெரிகிறது, பொறியியல் படித்த உனக்குத் தெரியவில்லை. தண்ணீரில் பட்டுத் தெறிக்கும் வெளிச்சத்துக்குக் கறுப்புக் கண்ணாடி இருக்கிறது. மேலிருந்து வரும் வெயிலுக்கு ஒரு நிழல் போதும். அப்பா போன பிறகு கடையைச் சித்தப்பா பார்க்கிறார். சமையலை வேலைக்கு வரும் நிஷாந்தி பார்க்கிறாள். என் மாத்திரையைக்கூட நீ மெல்பேர்னிலிருந்து ஞாபகப்படுத்துகிறாய். காசல்ரீ நீர்த்தேக்கத்தில் காலையில் அந்தச் சுக்கானைப் பிடித்திருக்கும்போது மட்டும்தான், நான் சொல்கிற பக்கம் ஏதாவது ஒன்று திரும்புகிறது. அதை நான் விடுவதாக இல்லை.

எனக்குத் தேவைப்பட்டது மிகச் சாதாரணம். ஓட்டுகிற இடத்துக்கு மேலே ஒரு துணி நிழல். படகுக் கொட்டகையின் கூரை தாழ்வு, அதனால் உள்ளே விடும்போது கழற்ற வேண்டும். காற்று அடித்தாலும் கழற்ற வேண்டும். வளைத்த குழாய் இரண்டு, அவற்றைச் செருகப் படகின் விளிம்பில் நான்கு பிடி, மேலே போர்த்தத் தடித்த துணி. ஒரு தாளில் அளவோடு வரைந்து எடுத்துக்கொண்டு பைஸரின் இரும்புக் கடைக்குப் போனேன். அவர் படத்தைப் பார்த்துவிட்டு, "அம்மா, இந்த நோர்வூட்டுல வெயிலுக்கு மறைப்புக் கேட்டு வந்த மொத ஆளு நீங்கதான். மத்தவங்க எல்லாம் மழைக்குத்தான் கேப்பாங்க" என்றார். துணியை மட்டும் அளக்கும்படி சொன்னேன்.

குழாய் வளைக்கிறவர் ஊரில் இல்லை. அவர் வரும்வரை நான் பொறுத்திருப்பேன். ஆனால் உன் சித்தப்பா உதவி செய்யத் தீர்மானித்தார். "அண்ணி, பந்தல் போடுறதுல ஆண்டியப்பன மிஞ்ச ஆளில்ல" என்று பொகவந்தலாவையில் திருவிழாப் பந்தல் போடுகிற ஆண்டியப்பனைக் கூட்டி வந்து நிறுத்தினார். அவர் படகைச் சுற்றி நடந்து பார்த்தார்.

"பந்தல்னா கெழக்க பாத்து நிக்கணும்ங்கம்மா."

"படகு திரும்புமே, ஆண்டியப்பன்."

அவர் கொஞ்சம் யோசித்தார். "அப்ப படகத் திருப்பாம ஓட்டணும்."

அந்த இடத்திலேயே அவரைத் திருப்பி அனுப்பியிருக்க வேண்டும். நான் கோயிலுக்குப் போய் வருவதற்குள் படகில் நான்கு மூங்கில் கால்கள் எழும்பி, மேலே என் துணியும், அதைச் சுற்றிச் சிவப்பும் மஞ்சளுமாக ஜாலரும், முன்பக்கம் இரண்டு வாழைக்கன்றுகளும் வந்துவிட்டன. நான் வரைந்த தாள் அவருடைய தேநீர்க் கோப்பைக்கு அடியில் இருந்தது. எல்லாம் தென்னங்கயிற்று முடிச்சு. இதை எப்படிக் கழற்றுவது என்று கேட்டேன்.

"கால் ஊனின பந்தல விசேஷம் முடியாமப் பிரிக்கக் கூடாதுங்கம்மா. குடும்பத்துக்கு ஆகாது."

"என்ன விசேஷம்?"

"அத நீங்கதான் சொல்லணும். நான் பந்தல்காரன்."

கழற்றக்கூடிய நிழல் ஒன்றைக் கேட்ட எனக்கு இப்படிக் கழற்ற முடியாத பந்தல் ஒன்று கிடைத்தது. ஆனாலும் நிழல் நிழல்தானே, ஒரு சுற்றுப் போய்ப் பார்ப்போம் என்று நான் சுக்கானைப் பிடிக்க, என் கண் எப்படி இருக்கிறது என்று வேவு பார்க்கச் சித்தப்பாவும், ஜாலர் எப்படி இருக்கிறது என்று பார்க்க ஆண்டியப்பனும் ஏறிக்கொள்ள, நீர்த்தேக்கத்தின் நடுவே போனதும் மலையிலிருந்து காற்று இறங்கி, அந்தப் பந்தல் பாயாக மாறிப் படகை இழுத்தது. நான் சுக்கானோடு மல்லுக்கட்டிக் கொண்டிருக்கும்போது சித்தப்பா, "அண்ணி, பிரேக்கப் போடுங்க" என்றார். படகுக்குப் பிரேக் கிடையாது என்று சொன்னதும் அவர் பாய்ந்து எஞ்சினை நிறுத்தினார். காற்றை எதிர்த்துக்கொண்டிருந்ததே அந்த எஞ்சின்தான், நிறுத்தியதும் படகு இன்னும் வேகமாகப் போயிற்று. துணியை அவிழ்க்கச் சொன்னால் ஆண்டியப்பன் முடிச்சைத் தொட மறுத்து, "ஜாலர் பறக்கறதப் பாருங்கம்மா, எம்புட்டு லட்சணமா இருக்கு" என்று ரசித்துக்கொண்டிருந்தார்.

அக்கரைத் தேயிலைச் சரிவில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் எங்களைக் கண்டுவிட்டார்கள்.

"அடியே, கல்யாண வூடு தண்ணியில போகுது பாருங்கடி."

"மாப்புள யாரு, அந்தா குந்தியிருக்காரே, அவரா?"

"வேற ஆளு அம்புடல போல."

பெண் யார் என்பதைப் பற்றி அவர்கள் பேசியதை நான் எழுத மாட்டேன்.

படகு சேற்றில் போய்க் குத்தி நின்றது. கங்காணியம்மா போல முன்னால் இறங்கி வந்தவள் பெயர் நாகலெட்சுமி. "என்ன விசேஷம்ங்கம்மா?" என்று கேட்டாள். ஆண்டியப்பன் என்னைப் பார்த்தார். இதுதான் சமயம் என்று, "என் கொழுந்தனாருக்கு இன்று பிறந்தநாள்" என்றேன். சித்தப்பா பிறந்தது தைப்பொங்கலுக்கு முதல் நாள் என்பது உனக்குத் தெரியும். அவர் வாயைத் திறப்பதற்குள் நாகலெட்சுமி முந்தானை முடிச்சிலிருந்த திருநீற்றை அவர் நெற்றியில் அள்ளிப் பூசினாள். பெண்கள் வாழ்த்திப் பாடினார்கள். போத்தலில் இருந்த பிளேன்டீ எல்லோருக்கும் வந்தது. முழங்கால் வரை சேற்றில் நின்று உன் சித்தப்பா மரியாதையை ஏற்றுக்கொண்டார். விசேஷம் முடிந்தது. ஆண்டியப்பன் மனநிறைவோடு முடிச்சுகளை அவிழ்த்தார். காற்று ஓய்ந்த பிறகு, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படகை வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தேன். வழியில் யாரும் யோசனை சொல்லவில்லை.

சித்தப்பா இதை வைத்து உனக்கு ஒரு பெரிய கதை சொல்லியிருப்பார். நடந்தது என்ன? நடுத்தண்ணீரிலிருந்து ஒரு சொட்டுப் பெட்ரோல் இல்லாமல் அக்கரை சேர்ந்தோம். பெட்ரோலுக்கு வரிசையில் நின்ற ஆண்டில் இது தெரிந்திருந்தால் மரியாதையாக வாழ்ந்திருக்கலாம். இப்போது குழாய் வளைக்கிறவர் திரும்பி வந்து, என் படத்தில் உள்ளபடியே செய்து தந்துவிட்டார். நான்கு ஆணிகளை உருவினால் குழாய்கள் கையோடு வருகின்றன. துணியைச் சுருட்டினால் இருக்கைக்கு அடியில் போகிறது. நானே போடுகிறேன், நானே கழற்றுகிறேன். தினமும் காலையில் போகிறேன். என் கண்ணில் வெயில் படுவதில்லை. ஆகவே இந்தப் படகை விற்கும் பேச்சை நீ, சித்தப்பா, மெல்பேர்னில் உனக்கு யோசனை சொல்கிறவர்கள் எல்லோரும் இன்றோடு நிறுத்த வேண்டும். நான் இருக்கும்வரை இதை யாருக்கும் கொடுக்க மாட்டேன். இது என் முடிவு.

பிரியந்தினிக்கு என் அன்பு. பிள்ளைகளைத் தமிழில் எழுதப் பழக்கவும். போன கடிதத்தில் பெரியவனின் கையெழுத்து மழையில் நனைந்தது போல் இருந்தது. எல்லாக் குறையும் நீங்கி நீங்கள் நன்றாக இருக்க வேண்டும்.

என்றும் உன் நலம் நாடும்,
அம்மா.

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்கு முன் அக்கரை விருந்தினர் விடுதிக்காரர் வந்தார். நிழலோடு சேர்த்துப் படகு வேண்டும் என்று கெஞ்சினார். விற்றுவிட்டேன். நீ சொன்னதற்காக அல்ல. இதைவிடப் பெரிய படகு ஒன்று விலைக்கு இருப்பதாக அவரே சொன்னார், மத்தியானமே போய்ப் பேசி முடித்துவிட்டேன். எஞ்சினும் பெரிது. டிசம்பரில் நீங்கள் வரும்போது குடும்பமாக உட்காரலாம். அதற்கும் இதே போல் நிழல் செய்யச் சொல்லிவிட்டேன், ஆனால் அது ஓட்டுகிறவருக்கு மட்டும்தான். நீ தொப்பி கொண்டு வா.