மொட்டைக் கேப்டனின் மனைவி அம்மா வீட்டுக்குப் போன கதை

என் ராக்கெட்டு மாமாவுக்கு,

உங்கள் மனைவி, ஓட்டல் சலவைக் கூடத்தில் துணி மடிக்கிறவள், எழுதிக்கொள்வது. முதலில் நான் இங்கே சௌக்கியம் என்று எழுத வேண்டுமாம். எழுதிவிட்டேன், நீங்கள் நம்ப வேண்டாம். அடுத்து நீங்கள் அங்கே சௌக்கியமா என்று கேட்க வேண்டுமாம். செத்து எட்டு மாதம் ஆன மனுஷரிடம் அதை எப்படிக் கேட்பது என்று உங்கள் தங்கையிடம் கேட்டேன். "அண்ணி, அது ஒரு மரியாதைக்குக் கேக்குறதுதான், பதிலா வரப்போகுது, சும்மா எழுதுங்க" என்றாள். ஆகவே கேட்கிறேன், சௌக்கியமா? காகிதத்துக்கு மன்னிக்கவும். ஓட்டல் அறைகளில் சலவைத் துணியோடு போடச் சொல்லி வைக்கிற சீட்டு இது, பின்பக்கத்தில் எழுதுகிறேன். முன்பக்கத்தில் சட்டை, கால்சட்டை, உள்ளாடை என்று கட்டம் கட்டமாக இருக்கும், அது கடிதத்தில் சேராது, படித்துக் குழம்ப வேண்டாம். நான் ஐந்தாவதோடு நின்றவள் என்பது உங்களுக்குத் தெரியும், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

விஷயம் என்னவென்றால், மூன்றாம் பாகம் வந்துவிட்டது, போய்ப் பார்த்துவிட்டேன். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு நீங்கள்தான் கேட்டீர்கள், "அந்த மொட்டைக் கேப்டன் படம் மூணாவது வரும்போது ஒருவேள நான் இல்லேன்னா, நீ போய்ப் பாத்துட்டு எனக்குக் கத சொல்லணும், சரியா?" என்று. நான் "அதெல்லாம் நீங்களே கூட்டிட்டுப் போவீங்க" என்றேன். "சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன்டி" என்றீர்கள். பேச்சுக்குச் சொன்னதை ஒருத்தி செய்து முடித்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன், ஆனால் கதை சொல்ல முடியவில்லை. ஏன் முடியவில்லை என்பதற்குத்தான் இந்தக் கடிதம்.

தியேட்டரில் நம்முடைய கடைசி வரிசை, நம்முடைய மூலை, செவ்வாய்க்கிழமை காலைக் காட்சி. என் இடத்தில் நான், உங்கள் இடத்தில் உங்கள் தங்கை. கறுப்புக் கண்ணாடி கொடுத்தார்கள், அதைப் போட்டால் எல்லாம் மூஞ்சிக்கு நேரே பறந்து வருமே, அதே கண்ணாடிதான். முதல் காட்சியிலேயே ஒரு பாறை வானத்திலிருந்து பிய்த்துக்கொண்டு என் நெற்றியைப் பார்த்து வந்தது, நான் குனிந்தேன், மடியிலிருந்த சோளப்பொரி அத்தனையும் முன்வரிசைக்காரர் தலையில். அவர் திரும்பிப் பார்த்தார். மன்னிப்புக் கேட்டுவிட்டுக் கப்பலைப் பார்க்கிறேன், மாமா, எத்தனை பெரிய கப்பல், நம் தெரு முழுவதும் உள்ளே போகும், ஆயிரம் பேர், அத்தனை பேருக்கும் வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை, காலரில் ஒரு கறை இல்லை. அதை எவள் துவைக்கிறாள்? மூன்று பாகத்திலும் ஒரு கொடியில் ஒரு துணி காய்ந்து நான் பார்க்கவில்லை. அண்ட சராசரத்தையும் கண்டுபிடிக்கத் தெரிந்தவர்களுக்குச் சலவைக்காரி ஒருத்தியைக் காட்டத் தெரியவில்லை. கப்பல் நடுவழியில் நின்றுபோனால் ஒருவன் சுவரில் ஓங்கிக் குத்துகிறான், உடனே ஓடுகிறது. நீங்கள் இருந்திருந்தால், "நானும் இருபது வருஷமா மோட்டாருக்குக் காயில் சுத்துறேன், ஒரு மோட்டாராவது குத்து வாங்கி ஓடியிருக்கா" என்று என் காதில் சொல்லியிருப்பீர்கள்.

அங்கேதான் எனக்கு முதலில் கஷ்டமாகிவிட்டது. இடது காது வெறுமையாக இருந்தது. பதின்மூன்று வருஷம் அந்தக் காதுக்கு வேலை இருந்தது, மாமா. அவர்கள் பேசுகிற பாஷை எனக்குத் தெரியாது, கீழே ஓடுகிற நம் எழுத்தையும் நான் கூட்டிப் படிப்பதற்குள் அடுத்த வரி வந்துவிடும். நீங்கள் சாய்ந்துகொண்டு, மீசை உரச, காயில் சுற்றிப் பூசுகிற வார்னிஷ் வாசனையோடு, "இப்ப இவன் என்ன சொல்றான்னா" என்று ஆரம்பித்துச் சொல்லிக்கொண்டே வருவீர்கள். உங்கள் தங்கை பள்ளிக்கூட ஆபீசில் டைப் அடிக்கிறவள், மளமளவென்று படிக்கிறாள், ஆனால் எனக்குச் சொல்ல வேண்டுமென்று அவளுக்குத் தோன்றவில்லை. நானும் கேட்கவில்லை. முதல் இரண்டு பாகத்தின் கதைதான் எனக்கு மனப்பாடமாயிற்றே என்று இருந்துவிட்டேன்.

நடுவில் ஒரு இடம். மொட்டைக் கேப்டன் தனியாக உட்கார்ந்து மனைவி படத்தைப் பார்க்கிறான். ஒரு வசனம் இல்லை, ஒரு வாத்தியம் மட்டும் இழுக்கிறது. தியேட்டரே மூக்கை உறிஞ்சுகிறது. எனக்கு ஆத்திரமாக வந்தது. வாய்விட்டே சொல்லிவிட்டேன், "இப்பிடி ஒக்காந்து படத்தப் பாத்தா ஆச்சா? போய்க் கால்ல விழுந்து கூப்பிட்டா வந்துட்டுப் போறா" என்று.

முன்வரிசைக்காரர் மறுபடியும் திரும்பினார். உங்கள் தங்கை என் கையைப் பிடித்து அழுத்தி, "அண்ணி, மெதுவா. யாரக் கூப்பிடச் சொல்றீங்க?" என்றாள்.

"அவன் பொண்டாட்டியத்தான். சண்ட போட்டுட்டு அம்மா வீட்டுக்குப் போனாளே, வேற கிரகத்துக்கு."

"அவ செத்துப் போயிட்டா அண்ணி. முதல் பாகத்துல, முதல் பத்து நிமிஷத்துலயே."

"யாரு சொன்னா?"

"படத்துல சொல்றாங்க அண்ணி. இவன் சுத்துறதே அந்தத் துக்கத்துலதான்."

"போடி. உங்கண்ணன் சொன்னாரு, அம்மா வீட்டுக்குப் போயிருக்கான்னு."

நான் எழுந்து நின்று சொன்னேனாம். எனக்கு நினைவில்லை. முன்வரிசைக்காரர் பொறுமை போய், "ஏம்மா, முன்னாடி வந்த ரெண்டையும் பாக்காமலேயா வந்தீங்க?" என்றார். "பாத்தேன்யா, ரெண்டையும் உக்காந்து பாத்தேன். நான் பாத்தது வேற" என்றேன். அவர் பாவம், தலையிலிருந்து ஒரு சோளப்பொரியை எடுத்துப்போட்டுவிட்டுத் திரும்பிக்கொண்டார்.

மாமா, அதன் பிறகு படத்தில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. கண்ணாடிக்குள்ளே தண்ணீர் கட்டிவிட்டது, கப்பலும் நட்சத்திரமும் ஒன்றாகக் கலங்கிப்போய் வந்து மூஞ்சியில் விழுந்தன. வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் உங்கள் தங்கையை நாற்காலியில் உட்காரவைத்து, நாம் பார்த்த படத்தையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொன்னேன். அந்த நரைத்த என்ஜினியர், கதவுக்கு வெளியே மிதந்து போனாரே, "மாத்தலாயி வேற கப்பலுக்குப் போறாரு" என்றீர்கள். செத்துப்போனார். பச்சைக் கிரகம் பட்டாசு மாதிரி வெடித்ததே, "யாரும் இல்ல, எல்லாரும் லீவுக்கு வெளியூர் போயிட்டாங்க, காலி கிரகம்" என்றீர்கள். அத்தனை கோடிப் பேரும் போய்ச் சேர்ந்தார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் கண்ணை மூடிக் கிடந்த அந்தப் பெண்ணை "களைப்பா இருக்குன்னு படுத்திருக்கா" என்றீர்கள். அந்த இயந்திர மனிதன் ஒருவன், எனக்கு ரொம்பப் பிடித்தவன், அவன் வெளிச்சம் அணைந்தபோது "பேட்டரி மாத்தினா சரியாயிடும், நம்ம கடையிலயே மாத்தலாம்" என்றீர்கள், அவனும் இல்லையாம். ஒரே பகலில் எனக்கு இத்தனை சாவு. ஒவ்வொருவருக்கும் அழுது முடிப்பதற்குள் அடுத்த ஆளைச் சொல்கிறாள் உங்கள் தங்கை. கடைசியில் அவளே, "என்ன அண்ணி இது, பதிமூணு வருஷமா ஒருத்தன்கூடச் சாகாமயா உங்களுக்குப் படம் ஓட்டியிருக்கான் அண்ணன்" என்று சிரிக்க ஆரம்பித்தாள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே இருந்தவள் அப்படியே நிறுத்திவிட்டேன். எனக்கு வேறொரு நாள் ஞாபகம் வந்துவிட்டது.

அதே இடது காதுதான். அந்தப் பெரிய டாக்டர் அறையில், இரண்டு நாற்காலியில், நீங்கள் என் இடது பக்கம் உட்கார்ந்திருந்தீர்கள். அவரும் அந்தப் பாஷைதான் பேசினார். நீங்கள் சாய்ந்து, மீசை உரச, "இப்ப இவரு என்ன சொல்றாருன்னா, கல்லீரலு கொஞ்சம் களைச்சுப் போயிருக்காம், மாத்திரை போட்டா ஆறு மாசத்துல தெளிஞ்சுடுமாம்" என்றீர்கள். ஆறு மாதம் என்பது மட்டும் உண்மை. உங்கள் தங்கையைக் கேட்டேன், "உனக்குத் தெரியுமாடி?" அவள் தரையைப் பார்த்துக்கொண்டு, "சொல்லக் கூடாதுன்னு அண்ணன் சத்தியம் வாங்கிட்டான் அண்ணி" என்றாள்.

அப்படியென்றால் எல்லோருக்கும் தெரிந்த படத்தை நான் ஒருத்தி மட்டும் வேறு கதையில் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். இது நியாயமா, மாமா? தெரிந்திருந்தால் அந்த ஆறு மாதமும் இரட்டை வேலை எடுத்துக்கொண்டு ஓட்டல் படுக்கை விரிப்பைத் தேய்த்துக்கொண்டிருப்பேனா? வேலையைப் போட்டுவிட்டு உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்க மாட்டேனா? மாத்திரை கசக்கிறது என்றதற்கு உங்களைத் திட்டினேனே, அதையாவது விட்டிருக்க மாட்டேனா? என்னை அழவைக்கக் கூடாது என்று நினைத்தீர்கள், சரி. இப்போது சேர்த்துவைத்து அழுகிறேன், அதுவும் கடைசி வரிசையில், பொரி கொட்டி, ஊரார் பார்க்க. நீங்கள் ஏமாற்றுக்காரர். இனி நான் ராக்கெட்டுப் படத்துக்குப் போவதில்லை. மூன்றாம் பாகத்தின் கதை உங்களுக்குக் கிடையாது, முதல் இரண்டை உண்மையாகச் சொல்லாதவருக்கு மூன்றாவதை எந்த வாயால் சொல்வது? கறுப்புக் கண்ணாடியைத் திருப்பிக் கொடுக்காமல் கொண்டுவந்துவிட்டேன், அதையும் குப்பையில் போட்டாயிற்று.

வேறு விசேஷம் இல்லை. உங்கள் தங்கை விசாரித்ததாக எழுதச் சொன்னாள். உங்கள் மோட்டார்க் கடைக்கு வேறு ஆள் வந்துவிட்டான், காயிலை நன்றாகத்தான் சுற்றுகிறான், பேச மாட்டேன் என்கிறான். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று கை தானாக எழுதிவிட்டது, அடித்துவிட்டேன். நீங்கள் எந்தக் கிரகத்தில் இருந்தாலும் சட்டை வெள்ளையாக இருக்கட்டும், வயிற்று வலி இல்லாமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மேல் கோபமாக இருக்கும்
உங்கள் மனைவி

பின்குறிப்பு: மேலே எழுதியதையெல்லாம் படித்தீர்களென்றால் மறந்துவிடுங்கள். கண்ணாடியைக் குப்பையிலிருந்து எடுத்துத் துடைத்து அலமாரியில் வைத்துவிட்டேன். நாலாம் பாகம் வருகிறதாம், அதற்கும் போவேன், இடது பக்கத்து இடத்தில் யாரையும் உட்காரவிட மாட்டேன்.

இன்னொன்று. செத்தவளுக்கும் தூங்குகிறவளுக்கும் வித்தியாசம் தெரியாதவளா, மாமா, நான்? பாஷைதான் தெரியாது, முகம் தெரியுமே. அந்த மொட்டைக் கேப்டன் முதல் பாகத்தில் மனைவியின் கண்ணை மூடிவிட்டானே, அப்போதே எனக்குத் தெரியும். நீங்கள் அம்மா வீடு என்றீர்கள், நான் ஓகோ என்றேன், நீங்கள் இன்னும் கொஞ்சம் சாய்ந்து சொன்னீர்கள். அது போதும் என்று இருந்துவிட்டேன். தியேட்டரில் நான் எழுந்து கத்தியது தெரியாமல் அல்ல, உங்கள் இடத்தில் உட்கார்ந்துகொண்டு ஒருத்தி உங்கள் கதையைக் கலைத்தது பொறுக்காமல்தான். டாக்டர் அறையிலும் நான் உங்கள் வாயைப் பார்க்கவில்லை. டாக்டர் பேசி முடித்ததும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தாரே, மாத்திரையில் தெளிகிற நோய்க்கு யார் அப்படித் துடைப்பார்கள்? உங்களுக்கு அந்தக் கதை வேண்டியிருந்தது, சொல்ல ஒரு காது வேண்டியிருந்தது. அதனால்தான் கட்டில் பக்கத்தில் உட்காராமல் இரட்டை வேலைக்குப் போனேன், மாத்திரைக்குத் திட்டினேன். பிழைக்கப்போகிறவரைத் திட்டுகிற மாதிரியே திட்டினேன்.

நான் நம்பினேன் என்று நீங்கள் நம்பினீர்களா, மாமா?