தலைவரின் வறுவல்

வாழைக்காய் வறுவல் நமுத்துப்போயிருந்தது. சங்கத் தலைவர் சங்குவான் ஒன்றை எடுத்து வளைத்துப் பார்த்தார். ஒடியவில்லை, பணிவாக வளைந்தது. மறுநாள் காலை மாகாண அலுவலகத்திலிருந்து அதிகாரி வருகிறார். முதியோர் நடத்தும் ஊர்த் தொழில்களில் சிறந்ததற்குப் பரிசு.

சங்குவான் நகராட்சியில் அதிகாரம் செய்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற கையோடு சமையலறைக்குள் புகுந்து, பசையரிசி அவிப்பது எப்படி என்று மனைவி புவாபனுக்கே விதிமுறை எழுதிச் சுவரில் ஒட்டினார். நல்லவேளையாக, அந்த வாரமே எங்கள் ப்ரே நகர முதியோர் சங்கத்துப் பெண்கள் வீடு தேடி வந்து, தலைவராக வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்கள். உலகம் தன்னை இன்னும் மறக்கவில்லை என்று அவருக்குக் கண் கலங்கிவிட்டது. பரிசும் கிடைத்துவிட்டால் அதை வீட்டிலும் நிரூபித்துவிடலாம்.

சங்கத்தில் ஆண்கள் நாலே பேர். நாலு பேருக்கும் பதவி உண்டு. நான் துணைத் தலைவர். தலைவருக்குப் பின்னால் நிற்பது என் பொறுப்பு.

"மெலிசா சீவினா மழைக்காலத்துல இப்படித்தான் நமுக்கும். தடியா வெட்டுங்க. இதுதான் புதுமை," என்றார் சங்குவான்.

"சரிங்க தலைவரே," என்றார் வாழைக்காய் சீவும் லம்யாய் அக்கா. முகத்துக்கு நேரே மறுப்பது எங்கள் ஊரில் வழக்கமில்லை. ஒருவர் சரி என்றால், எதற்குச் சரி என்பது பிறகுதான் தெரியவரும்.

தடியாக வெட்டியது வெளியே சிவந்து உள்ளே பச்சையாக நின்றது. மறுபடியும் எண்ணெயில் போடச் சொன்னார். கருகிக் கசந்தது. கசப்பு போகப் பனைவெல்லப் பாகில் புரட்டச் சொன்னார். பிரமாதமான யோசனை என்று நானும் சொல்லித் தொலைத்தேன். பாகு இறுகி, வறுவல் மொத்தமும் ஒரே கட்டியாகி அண்டாவோடு ஒட்டிக்கொண்டது. பெண்கள் அப்போதும் சிரித்த முகம் மாறாமல் சரி என்றார்கள்.

மறுநாள் பிம்சிரி என்ற இளம் அதிகாரி வந்தார். துணைத் தலைவர் என்ற முறையில் நான்தான் வெட்டுக்கத்தியால் ஒரு துண்டைப் பெயர்த்து இலையில் வைத்துக் கொடுத்தேன். அந்தப் பெண் கடித்தார். பிறகு கன்னத்தைப் பிடித்துக்கொண்டார்.

சங்குவானால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. கைகூப்பிவிட்டார்.

"தப்பு பூரா என்னுதும்மா. இவங்க நல்லாத்தான் செஞ்சிட்டிருந்தாங்க, நான் வந்து கெடுத்தேன். என்னை வேணா தூக்கிடுங்க. பரிசை இவங்களுக்குக் குடுத்துடுங்க."

சொல்லும்போதே குரல் உடைந்தது. நானும் கைகூப்பினேன். அந்த யோசனையைப் பாராட்டியவன் நானல்லவா.

அதிகாரி திருதிருவென்று விழித்தார். "வறுவலா? உங்க சங்கத்துக்குப் பரிசுன்னு முடிவாகித்தான் வந்திருக்கேன். ஆனா அது பகல்நேரச் சேவைக்காச்சே. வறுவலைப் பத்தி யாரும் சொல்லலையே."

நாங்கள் நாலு பதவிகளும் லம்யாய் அக்காவைத் திரும்பிப் பார்த்தோம். அக்கா தோலை ஒதுக்கிவிட்டுச் சாவகாசமாக எழுந்தார்.

"வறுவல் சும்மா இவங்களுக்குப் பொழுது போறதுக்கும்மா. ரிட்டையரான புருஷங்களைப் பகல் பூரா வெச்சுப் பாத்துக்கறதுதான் எங்க தொழில். தலைவரைக்கூட அவங்க சம்சாரம் சாயங்காலம் வரைக்கும்தான் விட்டிருக்காங்க, இந்தத் துணைத் தலைவரைத்தான் ஞாயித்துக்கிழமையும் வெச்சுக்க முடியுமான்னு வீட்டுல கெஞ்சறாங்க."