மினிமைஸ் அண்ணனின் வெள்ளெழுத்து

கம்ப்யூட்டருக்குக் கூச்சமும் உண்டு, சோம்பேறித்தனமும் உண்டு என்று இந்த உலகத்தில் முதன்முதலாகக் கண்டுபிடித்தவர் எங்கள் மினிமைஸ் அண்ணன்தான். பரிசு கொடுக்கிறவர்கள் யாரும் ஒரகடம் பக்கம் வருவதில்லை என்பதால் அவர் புகழ் வெளியே பரவவில்லை. அவருடைய நிஜப் பெயர் எனக்கே தெரியாது. மூன்று வருடம் ஒரே அறையில் உட்கார்ந்திருந்தோம். மனிதர் ஐடி கார்டைத் திருப்பியே போட்டிருப்பார், போட்டோவில் பேக்கு மாதிரி இருக்கிறாராம்.

நான் சாத்தூர்க்காரன். 2011 வாக்கில், டெஸ்டிங் கோர்ஸ் முடித்த சர்டிபிகேட்டை லேமினேட் செய்து எடுத்துக்கொண்டு, ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் வந்து சேர்ந்தேன். தொழிற்சாலைக்குள் பன்னிரண்டு இடங்களில் கம்ப்யூட்டர் இருந்தது. எத்தனை பீஸ் ஓடியது, எத்தனை கழிந்தது என்று லைனில் இருப்பவர்கள் ஒரு வெப் பக்கத்தில் பதிவார்கள். அந்தப் பக்கத்தில் ஏதாவது மாற்றினால், பன்னிரண்டு இடத்திலும் எல்லாப் பட்டனும் வேலை செய்கிறதா என்று யாராவது போய் அழுத்திப் பார்க்க வேண்டும். ஆளே போகாமல், ஏசி அறையிலிருந்தே ஒரு புரோகிராம் அத்தனை கம்ப்யூட்டரிலும் தானாக அழுத்திப் பார்க்கும்படி செய்வதுதான் என் வேலை. ஆறு மாதத்தில் பிளான்ட் ஹெட் முன்னால் ஓட்டிக் காட்டினால் பெர்மனன்ட். இல்லையென்றால் சாத்தூர் பஸ். இதில் ஒரு சின்னச் சிக்கல்: பெண் பார்க்கப் போன வீட்டில், பையன் பெர்மனன்ட் என்று எங்கள் அப்பா முன்கூட்டியே சொல்லிவிட்டார். நானும் பக்கத்தில் கேசரி சாப்பிட்டபடி தலையாட்டினேன்.

முதல் நாளே என் புரோகிராம் 'பட்டனைக் காணவில்லை' என்று சிவப்பில் எழுதிவிட்டு நின்றது. பட்டன் எதிரே பப்பாளிப்பழம் சைஸில் இருக்கிறது, இது காணோம் என்கிறது. நான் மூன்று நாள் தாடி வளர்த்து, புரோகிராமை நாலு தடவை மாற்றி எழுதினேன். நாலாம் நாள் பின்னாலிருந்து அண்ணனின் குரல்.

"இன்னாபா, அந்த கம்ப்யூட்டரு ஜன்னல மினிமைஸ் பண்ணிட்டு கிரிக்கெட் ஸ்கோரு பாத்துக்கினு கீறியா?"

"அதுபாட்டுக்குப் பின்னாடி ஓடட்டும்னு விட்டேண்ணே."

"நீ பாக்கலன்னா அது இன்னாத்துக்கு வேல செய்யும்? சூப்ரவைசர் டீ குடிக்கப் போனா லைன் ஓடுமா?"

பெரிசாக்கி வைத்து ஓட்டினேன். ஓடியது. லைனில் இருக்கும் கம்ப்யூட்டரின் திரை என் கம்ப்யூட்டரில் ஒரு ஜன்னலாகத் தெரியும்; நாம் அந்த ஜன்னலைச் சுருக்கி ஒதுக்கினால், பார்க்க ஆளில்லை என்று தூரத்துக் கம்ப்யூட்டர் திரையில் எதையும் வரையாமல் சும்மா இருந்துவிடுமாம். இது என் லேமினேட் செய்த சர்டிபிகேட்டுக்குத் தெரியவில்லை. முன்பு மெயின்டனன்ஸில் எலக்ட்ரீசியனாக இருந்து ஐடி பிரிவுக்கு மாறி வந்த குன்றத்தூர்க்காரருக்குத் தெரிந்திருந்தது. அன்றிலிருந்து "மினிமைஸ் பண்ணாத!" என்று அறை அதிரக் கத்துவார்; பெயரும் அப்படி ஒட்டிக்கொண்டதுதான். எச்.ஆர். மேடம் எதையோ சுருக்கியதற்கு இவர் போட்ட சத்தத்தில், அந்தம்மா கையிலிருந்த ரசத்தை மடியில் கொட்டிக்கொண்டார்.

அவருக்கும் எனக்கும் ஆறு வயதுதான் வித்தியாசம். ஆனால் ஏசி அறையில் பத்து நிமிடம் சேர்ந்தாற்போல் உட்கார மாட்டார். எங்கேயாவது பட்டன் காணவில்லை என்றால், நான் புரோகிராமைத் திறப்பேன். அவர் மெயின்டனன்ஸிலிருந்து சுட்டுக்கொண்டு வந்த சிவப்பு சைக்கிளைத் திறப்பார். "போயி அது மூஞ்சியப் பாத்தாதான் நைனா தெரியும்" என்று ஃபோர்க்லிஃப்ட்களுக்கு நடுவே மணியடித்துக்கொண்டு போவார். திரும்பி வந்து டாக்டர் மாதிரி சொல்வார்: "பெயின்ட் ஷாப்காரன் உம்முனு கீறான். எவனோ திரைக்கு மேல ஒரு டூல்பார் பட்டைய ஏத்தி வுட்டுட்டான், பட்டன் கீழ எறங்கிப்போச்சி. தூக்கிட்டேன்." ஒரு தடவை பிரஸ் ஷாப் கம்ப்யூட்டருக்குக் கற்பூரம் காட்டப் போய், தீயணைப்பு அலாரம் அடித்து, முந்நூறு பேர் வெயிலில் வரிசையாக நின்றோம்.

பன்னிரண்டில் பதினொன்று இப்படி வழிக்கு வந்தன. பேக்கிங் பகுதிக் கம்ப்யூட்டர் மட்டும் ரொம்ப நாள் படுத்தியது. அதற்காக நான் இருநூறு வரி எழுதினேன். மறுநாள் ஓடியது. அதற்கடுத்த நாளும் ஓடியது. எனக்குத் தலைகால் புரியவில்லை. கேன்டீனில் தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டே பட்டனைப் பிடிக்கும் கலையைப் பற்றி அவருக்கு அரை மணி நேரம் விளக்கினேன். "ஷோக்கா கீதுபா" என்று ஊறுகாயை நக்கியபடி கேட்டுக்கொண்டார்.

கிருத்திகைக்குக் குன்றத்தூர் மலைக்கோயிலுக்குப் போக ஒருநாள் அவர் லீவு போட்டார். அன்றைக்குப் பேக்கிங்கில் பட்டனைக் காணவில்லை. வேறு வழியில்லாமல் நானே கிளம்பினேன். ஐந்து மாதமாக வேலை செய்யும் தொழிற்சாலைக்குள் வழி தெரியாமல் இரண்டு தடவை கேன்டீனுக்கே போய்ச் சேர்ந்தேன். மூன்றாவது தடவை பேக்கிங் பகுதி கிடைத்தது. அங்கே திரையில் எழுத்து ஒவ்வொன்றும் கட்சி மாநாட்டு போஸ்டர் சைஸில் இருந்தது. பக்கத்தை யாரோ ஒன்றரை மடங்கு பெரிதாக்கி வைத்திருந்தார்கள். பெரிதாக்கினால் என் புரோகிராம் பட்டனைப் பழைய இடத்தில் தேடிவிட்டுக் கையை விரித்துவிடும்.

அங்கே உட்கார்ந்திருந்த கஸ்தூரி அக்கா என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

"இன்னிக்கி அந்த அண்ணன் வர்லியா தம்பி? அவுருதான் தெனிக்கும் காலைல வந்து சின்னதாக்குவாரு, உங்க டெஸ்ட்டு முடிஞ்சதும் மறுபடியும் பெருசாக்கிட்டுப் போவாரு."

என் இருநூறு வரி! பாவம், அது வேலையே செய்யவில்லை. சைக்கிள்தான் செய்திருக்கிறது.

"கண்ணாடி போட்டுக்கலாமேக்கா?"

அக்கா சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார். "நாப்பதத் தாண்டுனா வருமே, வெள்ளெழுத்து தம்பி. கான்ட்ராக்ட்ல சேரசொல்ல வயசு முப்பத்தஞ்சுன்னு கொறச்சுக் குடுத்துட்டேன். கண்ணாடியோட பாத்தாங்கன்னா நோண்டுவாங்க, அனுப்பிடுவாங்க. வூட்ல நான் ஒருத்திதான் சம்பாதிக்கிறேன். சொல்லிடாத தம்பி."

சொல்ல மாட்டேன் என்றேன். புரோகிராமிலேயே இதற்கு ஒரு வழி செய்கிறேன் என்றும் பந்தாவாகச் சொன்னேன். செய்தேனா? இல்லை. அண்ணன்தான் தினமும் போகிறாரே என்று விட்டுவிட்டேன். இதற்குப் பெயர்தான் ஆட்டோமேஷன்.

காட்ட வேண்டிய நாள் வந்தது. பதினோரு மணி என்று சொன்ன பிளான்ட் ஹெட், மீட்டிங் இருக்கிறது என்று பத்து மணிக்கே வந்து நின்றார். அண்ணன் அப்போதுதான் சைக்கிளை எடுக்க ஓடினார். புரோகிராம் ஒவ்வொரு கம்ப்யூட்டராகப் பச்சை காட்டிக்கொண்டே வந்து, பன்னிரண்டாவதில் சிவப்பில் நின்றது. 'பட்டனைக் காணவில்லை.'

"வாங்க, நேர்லயே பாத்துடலாம்" என்று அவர் நடந்தார். நான் பலியாடு மாதிரி பின்னால் போனேன். பேக்கிங்கில் சுவரொட்டி எழுத்து. வழியில் ஃபோர்க்லிஃப்ட் மறித்ததில் அப்போதுதான் வந்து சேர்ந்து மூச்சிரைக்க நின்ற மினிமைஸ் அண்ணன். எழுந்து நின்ற கஸ்தூரி அக்கா; முகத்தில் ரத்தமே இல்லை.

"யாரு இதைப் பெருசு பண்ணது? புரோகிராம் தப்பா, ஆள் தப்பா?"

என்னைத்தான் கேட்டார். எனக்குக் கண்முன் சாத்தூர் பஸ்ஸும் கேசரித் தட்டும் வந்தன. உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: நான் வாயைத் திறந்துவிட்டேன். "சார், இங்க உக்கார்ற..." வரைக்கும் வந்துவிட்டது.

"நான்தான் சார்!" என்றார் அண்ணன். "காலைல செக் பண்ண வந்தேன். கண்ணு தெர்ல, பெருசு பண்ணேன். திருப்பி மாத்த மறந்துட்டேன்."

"உனக்கு என்ன வயசு?"

"முப்பத்தி நாலு சார்."

"முப்பத்தி நாலுல வெள்ளெழுத்தா?"

"எங்க வம்சமே அப்டித்தான் சார். எங்க மாமாக்கு பத்தாவது படிக்கசொல்லியே வந்துடுச்சி."

பிளான்ட் ஹெட்டுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை மறைக்கக் கோபப்பட்டார். முதலில் கண்ணாடி வாங்கு. கண் தெரியாதவன் ஃபோர்க்லிஃப்ட் நடுவில் சைக்கிள் ஓட்டக் கூடாது, அதை இன்றைக்கே ஒப்படை. உங்கள் டெஸ்டை மாலை நாலு மணிக்குப் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

சாப்பிடக்கூடப் போகாமல் உட்கார்ந்தேன். பட்டனைத் தேடுவதற்கு முன் பக்கம் எந்த அளவில் இருக்கிறது என்று பார், குறித்துக்கொள், நூறு சதவீதத்துக்குக் கொண்டு வா, வேலை முடிந்ததும் இருந்தபடியே வைத்துவிடு. மொத்தம் ஆறு வரிதான். நாலு மணிக்குப் பன்னிரண்டும் பச்சை. கஸ்தூரி அக்கா திரையில் எழுத்து ஒரு நிமிடம் சிறுத்து, மறுபடி பெரிதானது. பதினைந்து நாளில் பெர்மனன்ட் ஆர்டர் கைக்கு வந்தது.

அண்ணன் குன்றத்தூர் கடையொன்றில் பவர் இல்லாத கண்ணாடி வாங்கி மாட்டிக்கொண்டார். பழக்கமில்லாததால் அதை வாரம் இரண்டு முறை மிதித்தார். பேக்கிங்குக்கும் பெயின்ட் ஷாப்புக்கும் நடந்தே போனார், வருஷக்கணக்காக. எனக்குத்தான் பொறுக்கவில்லை. ஒருநாள் கம்பெனி பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிவிட்டேன்.

"அண்ணே, அன்னிக்கு நான் அக்கா பேரச் சொல்லத்தான் வாயத் திறந்தேன்."

"தெரியும்பா" என்றார், கண்ணாடியைச் சட்டை நுனியில் துடைத்தபடி. "அதான் முந்திக்கினேன். நீ சொல்லிட்டுப் பெர்மனன்ட் ஆயிருந்தா, அப்பால உன்னால இங்க நிம்மதியா ஒருவாய் சோறு துன்ன முடியுமா?"

அக்காவுக்காகத்தான் செய்தார் என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். குன்றத்தூர் கைகாட்டி வரும்வரை ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தேன். அண்ணனும் பெரிய மனசு பண்ணி என் முகத்தைப் பார்க்கவில்லை.